நிற்காமல் துடிக்கும் இதயத்தைப் படம் பிடிப்பது எப்படி?

இதயத்தைப் படம் பிடிப்பதில் இருக்கும் முதல் தொல்லை, அது நிற்காது என்பதுதான்.

உடைந்த கையை எக்ஸ்ரே எடுக்கும்போது "ஆடாம வைங்க" என்று சொல்லிவிடலாம். மூளையை ஸ்கேன் செய்யும்போது தலையை அசையாமல் பிடித்து வைக்கலாம். இதயத்திடம் அதெல்லாம் நடக்காது. ஓய்வாகப் படுத்திருக்கும்போதே நிமிடத்துக்கு 60 முதல் 100 முறை அது சுருங்கி விரிகிறது. போதாக்குறைக்கு, மூச்சை இழுத்து விடும்போதெல்லாம் உதரவிதானத்தோடு சேர்ந்து மேலும் கீழும் போய்வருகிறது. நாம் பார்க்க நினைக்கும், இதயத் தசைக்கே ரத்தம் கொண்டுபோகும் கரோனரி ரத்தக் குழாய்களோ அதன் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு ஓடுபவை. தொடங்கும் இடத்தில் 3, 4 மில்லிமீட்டர் விட்டம் இருக்கும். போகப்போக இன்னும் மெலியும். இதயம் துள்ளும்போது அவையும் கூடவே துள்ளும். ஓடுகிற சைக்கிளின் சக்கரத்தில் சிக்கிய நூலை, அதன் முறுக்கு தெரியும்படி போட்டோ எடுக்கச் சொன்னால் எப்படியிருக்கும்? அந்த மாதிரி வேலை இது.

ஒரு மருத்துவமனைக்குப் புதிதாக இதய ஸ்கேன் மெஷின் வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டதும், "அப்ப அதுலயே எடுத்துடலாமே" என்று தோன்றுவது இயல்பு. ஆனால் இதயத்திடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றல்ல. தசை நன்றாகச் சுருங்குகிறதா? வால்வு ஒழுங்காக மூடுகிறதா? குழாயில் அடைப்பு இருக்கிறதா? இருந்தால், அதனால் தசைக்குப் போகும் ரத்தம் உண்மையிலேயே குறைகிறதா? குறைந்ததால் தசை செத்துவிட்டதா, இல்லை, சோர்ந்துபோய்க் கிடக்கிறதா? ஒவ்வொரு மெஷினும் இவற்றில் ஒன்றிரண்டுக்குத்தான் நல்ல பதில் தரும். அதனால் டாக்டரிடம் "இதுதான் லேட்டஸ்டா?" என்று கேட்பதைவிட "இந்த ஸ்கேன்ல எதைத் தேடுறீங்க?" என்று கேட்பது பல மடங்கு பயனுள்ளது என்று நினைக்கிறேன்.

எல்லோரும் முதலில் போய்ச் சேரும் இடம் எக்கோ அறை. இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்கச் சொல்வார்கள். அப்படிப் படுத்தால் இதயம் நெஞ்சுச் சுவரை ஒட்டி வரும், நடுவில் மறைக்கும் நுரையீரல் கொஞ்சம் விலகும். அப்புறம் சில்லென்று ஒரு ஜெல்லைத் தடவுவார்கள். தோலுக்கும் கருவிக்கும் நடுவே துளி காற்று இருந்தாலும் ஒலி உள்ளே போகாமல் திரும்பிவிடும், அதற்காகத்தான் அந்த ஜெல். கையடக்கமான அந்தக் கருவி, நம் காதுக்குக் கேட்காத ஒலியை விநாடிக்குச் சில மில்லியன் அதிர்வுகளாக உள்ளே அனுப்புகிறது. உடல் திசுவில் ஒலியின் வேகம் விநாடிக்கு சுமார் 1,540 மீட்டர். 15 சென்டிமீட்டர் ஆழம் போய்த் திரும்பி வர ஒரு விநாடியின் 5,000-இல் ஒரு பங்கு நேரம்தான் ஆகும். அப்படியென்றால் விநாடிக்கு 5,000 கோடுகள். நூறு கோடுகள் சேர்ந்தால் ஒரு படம் என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 50 படம். அதனால்தான் எக்கோவில் இதயத்தை நிறுத்தவோ மெதுவாக்கவோ அவசியமே இல்லை. வால்வுகள் கதவுபோலத் திறந்து மூடுவதை அந்த நொடியிலேயே திரையில் பார்க்கலாம்.

இதன் தொடக்கம் தொழிற்சாலையில் இருக்கிறது. கப்பல் கட்டும் தளங்களில் உலோகத்தின் உள்ளே விரிசல் இருக்கிறதா என்று ஒலியை விட்டுப் பார்க்கும் கருவி ஒன்று உண்டு. சுவீடனின் லுண்ட் நகரில் மருத்துவர் இன்கே எட்லரும் இயற்பியலாளர் ஹெல்முத் ஹெர்ட்ஸும் அந்த வகைக் கருவியை இரவல் வாங்கி, 1953-இல் மனித நெஞ்சில் வைத்துப் பார்த்தார்கள். உள்ளே ஏதோ துடிப்போடு சேர்ந்து அசைவது திரையில் தெரிந்தது. எக்கோ அங்கேதான் பிறந்தது.

எக்கோ ரிப்போர்ட் கைக்கு வந்ததும் எல்லோருடைய கண்ணும் ஒரே எண்ணில் போய் நிற்கும்: "பம்பிங் எவ்வளவு?" இ.எஃப். என்று போட்டு 60 சதவீதம் என்று இருந்தால், "அப்ப மீதி 40 சதவீதம் போயிடுச்சா?" என்று கலங்குகிறவர்களை நிறையப் பார்க்கலாம். அது பரீட்சை மார்க் அல்ல. இடது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் ஒரு துடிப்புக்கு எத்தனை சதவீதம் வெளியே தள்ளப்படுகிறது என்பதுதான் அந்த எண். எந்த ஆரோக்கியமான இதயமும் அறையைத் துடைத்துக் காலி செய்வதில்லை. ஏறத்தாழ 55 முதல் 70 சதவீதம் இருந்தாலே நல்ல இதயம்தான்.

ஆனால் இந்த எண்ணுக்கு ஒரு குறை உண்டு. தசை பலவீனமாகத் தொடங்கியபிறகும் கொஞ்ச காலம் இது நன்றாகவே காட்டிக்கொண்டிருக்கும். அதற்காக வந்ததுதான் ஸ்ட்ரெய்ன் எனப்படும் அளவீடு. எக்கோ படத்தில் இதயத் தசை முழுக்கப் புள்ளி புள்ளியாக ஒரு மணல் தன்மை தெரியும். கம்ப்யூட்டர் அந்தப் புள்ளிகளை ஒவ்வொரு படத்திலும் பின்தொடர்ந்து, தசை தன் நீளத்தில் எவ்வளவு சுருங்குகிறது என்று கணக்கிடுகிறது. சராசரியாக 20 சதவீதத்தை ஒட்டி இருக்கும். டாக்சோரூபிசின், டிராஸ்டுசுமாப் போன்ற புற்றுநோய் மருந்துகள் சிலருக்கு இதயத் தசையைப் பாதிக்கும். அவர்களுக்கு இ.எஃப். இறங்குவதற்கு முன்பே இந்த எண் இறங்கிக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. அப்போதே இதயத்துக்கான மருந்தைத் தொடங்க முடிந்தால், புற்றுநோய் சிகிச்சையைப் பாதியில் நிறுத்த வேண்டிய நிலையைப் பலருக்குத் தவிர்க்கலாம்.

சரி, எக்கோவில் கரோனரி குழாய்களின் அடைப்பு தெரியுமா? பெரும்பாலும் தெரியாது. தசையின் ஒரு பகுதி சரியாக அசையாததை வைத்து, அங்கே போகும் குழாயில் ஏதோ சிக்கல் என்று ஊகிக்கத்தான் முடியும். குழாயையே பார்க்க வேண்டுமென்றால் வேறு வழி வேண்டும்.

அந்த வழியைத் திறந்தவர் வெர்னர் ஃபோர்ஸ்மன் என்ற ஓர் இளம் ஜெர்மானிய மருத்துவர். எபர்ஸ்வால்டே நகர மருத்துவமனையில் 1929-இல், மேலதிகாரி வேண்டாமென்று சொல்லியும் கேட்காமல், தன் கை நரம்பின் வழியாகவே 65 சென்டிமீட்டர் நீளத்துக்கு மெல்லிய குழாய் ஒன்றை உள்ளே செலுத்தினார். குழாயோடு எக்ஸ்ரே அறைக்கு நடந்துபோய், அதன் முனை இதயத்துக்குள் இருப்பதைப் படமெடுத்துக் காட்டினார். அன்று அவருக்குக் கிடைத்தது கண்டனம். நோபல் பரிசு வந்துசேர 1956 வரை ஆனது.

அடுத்த திருப்பம் தற்செயலாக நடந்தது. 1958-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து கிளினிக்கில் மேசன் சோன்ஸ் ஒரு நோயாளிக்குச் சாய மருந்து செலுத்திப் படமெடுத்துக்கொண்டிருந்தார். மகாதமனிக்குள் இருக்க வேண்டிய குழாயின் முனை வழுக்கி வலது கரோனரிக்குள் போய்விட்டது. அது தெரிவதற்குள் மருந்தும் உள்ளே போய்விட்டது. கரோனரிக்குள் நேரடியாகச் சாயம் போனால் ஆள் பிழைக்க மாட்டார் என்பதுதான் அன்றைய நம்பிக்கை. இதயம் சில விநாடிகள் நின்றேவிட்டது. சோன்ஸ் அந்த நோயாளியை இருமச் சொன்னார். இருமினார், இதயம் மறுபடி துடிக்கத் தொடங்கியது. திரையில், ஒரு கரோனரி குழாய் முழுவதுமாக, தெளிவாகத் தெரிந்தது. இன்று உலகெங்கும் நடக்கும் கரோனரி ஆஞ்சியோகிராம் அந்தப் பதைபதைப்பான நிமிடத்திலிருந்து வந்தது.

ஆஞ்சியோ காட்டுவது குழாயின் உள்ளே ஓடும் சாயத்தின் நிழலை. குழாயின் சுவர் அதில் தெரியாது. இது சின்ன விஷயம்போலத் தோன்றும், ஆனால் இதய ஸ்கேன்களைப் பற்றி ஒருவர் ஒரே ஒரு விஷயத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் இதைத்தான் சொல்வேன். கொழுப்புப் படிவு சேரும்போது குழாய் உடனே குறுகிவிடுவதில்லை. சுவர் வெளிப்பக்கமாகப் புடைத்து, உள்வழியை முடிந்தவரை காப்பாற்றிக்கொள்கிறது. சீமோர் க்ளாகோவ் என்ற நோயியல் வல்லுநரின் குழு 1987-இல் இறந்தவர்களின் இதயங்களை அறுத்துப் பார்த்து இதை எழுதியது: குழாயின் குறுக்குவெட்டில் சுமார் 40 சதவீதத்தைப் படிவு பிடிக்கும்வரை உள்வழி பெரிதாகச் சுருங்குவதே இல்லை. ஆக, சுவர் முழுக்கப் படிவு இருந்தும் ஆஞ்சியோவில் "நார்மல்" என்று வர முடியும். மாரடைப்புகளில் பலவும், அதற்கு முன் குழாயைப் பெரிதாக அடைக்காத ஒரு படிவு திடீரென்று வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதால் வருபவை.

சுவரையும் சேர்த்துப் பார்க்க வழி தந்தது சி.டி. ஸ்கேன். காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் மெஷினில் 1971-இல் முதல் நோயாளிக்கு எடுத்தது தலையின் படம். அப்போது ஒரு படத்துக்குச் சில நிமிடங்கள் ஆகும், அசையாமல் இருக்கக்கூடியது தலைதான். அங்கிருந்து இதயத்துக்கு வந்துசேர முப்பது வருடத்துக்கு மேல் ஆனது. 2004 வாக்கில், ஒரே சுற்றில் 64 குறுக்குவெட்டுப் படங்கள் எடுக்கும் 64 ஸ்லைஸ் மெஷின்கள் வந்தபோதுதான் கரோனரி சி.டி. அன்றாட மருத்துவத்துக்குள் நுழைந்தது.

எக்ஸ்ரே குழாயும் அதற்கு எதிரே உணர்விகளும் பொருத்திய ஒரு பெரிய வளையம் நம்மைச் சுற்றுகிறது. ஒரு சுற்றுக்கு மூன்றில் ஒரு விநாடி என்று வைத்துக்கொள்வோம். ஒரு படத்துக்கு அரைச் சுற்று போதும். ஆக, சுமார் 165 மில்லி விநாடி. நிமிடத்துக்கு 60 துடிப்பு இருக்கும் இதயத்தில், ஒரு துடிப்பு என்பது ஒரு விநாடி. அதில் மூன்றில் ஒரு பங்கு சுருங்கும் நேரம். மீதியில், அறை நிரம்பி முடிந்து அடுத்த துடிப்பு தொடங்கும் முன், இதயம் ஏறத்தாழ அசையாமல் இருக்கும் ஒரு சின்ன இடைவெளி வருகிறது. சி.டி. குறிவைப்பது அந்த இடைவெளியைத்தான். நாடித்துடிப்பு 90-க்குப் போனால் சுருங்கும் நேரம் அவ்வளவாகக் குறையாது, அந்த ஓய்வு இடைவெளிதான் காணாமல் போகும். அதற்காகத்தான் ஸ்கேனுக்கு முன்னால் பீட்டா பிளாக்கர் மாத்திரை கொடுத்து நாடியை 60-க்குப் பக்கத்தில் கொண்டுவருகிறார்கள். காபி குடிக்காமல் வரச் சொல்வதும் இதற்காகத்தான். 2005-இல் இரண்டு எக்ஸ்ரே குழாய்களைச் செங்குத்தாகப் பொருத்திய மெஷின்கள் வந்தன. அவற்றில் கால் சுற்றே போதும், நேரம் 83 மில்லி விநாடியாகப் பாதி குறைந்தது.

உள்ளே படுப்பவருக்கு இதெல்லாம் தெரியாது. நெஞ்சில் இ.சி.ஜி. வயர்கள், கை நரம்பில் ஊசி, குழாய்கள் விரிவதற்காக நாக்குக்கு அடியில் நைட்ரோகிளிசரின். "மூச்சை இழுங்க... பிடிங்க... விடுங்க" என்று இரண்டு மூன்று முறை ஒத்திகை. பிறகு அயோடின் கலந்த சாய மருந்து உள்ளே போகும். தொண்டையிலிருந்து அடிவயிறு வரை வெந்நீர் பரவுவதுபோல ஒரு சூடு. சிறுநீர் தானாகப் போய்விட்டதோ என்றுகூடச் சந்தேகம் வரும். போகவில்லை, அந்த மருந்து தரும் உணர்வுதான் அது. முன்கூட்டியே இதைச் சொல்லிவிடும் டெக்னீஷியன் கையில் எடுக்கப்படும் படம் நன்றாக வரும், ஏனென்றால் பயந்தால் நாடி ஏறும். மூச்சைப் பிடித்திருக்க வேண்டியது பத்து விநாடிக்குள்தான்.

இந்த ஸ்கேனால் பலன் இருக்கிறதா என்பதற்கு வலுவான ஆதாரம் ஸ்காட்லாந்தில் நடந்த ஸ்காட்-ஹார்ட் ஆய்வு. நெஞ்சுவலியோடு வந்த 4,146 பேரில் பாதிப் பேருக்கு வழக்கமான பரிசோதனைகளோடு கரோனரி சி.டி.யும் எடுத்தார்கள். 5 ஆண்டுகளில் இதய நோயால் இறந்தவர்களும் மாரடைப்பு வந்தவர்களும் சி.டி. எடுத்த பிரிவில் 2.3 சதவீதம், எடுக்காத பிரிவில் 3.9 சதவீதம். ஸ்டென்ட் அதிகம் வைத்ததால் வந்த வித்தியாசம் அல்ல இது. ஐந்து ஆண்டு முடிவில் இரண்டு பிரிவிலும் அந்த எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான். குழாய்ச் சுவரில் படிவு இருப்பது கண்ணுக்குத் தெரிந்ததால் சரியான ஆட்களுக்கு, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் போன்ற மருந்துகள் போய்ச் சேர்ந்தன என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம்.

அடைப்பு தெரிந்துவிட்டால் உடனே ஸ்டென்ட் என்று பலரும் நினைக்கிறோம். 5,179 பேரை வைத்து நடந்து 2020-இல் வெளியான இஸ்கீமியா ஆய்வு வேறு மாதிரி சொன்னது. நிலையான இதய நோய் உள்ளவர்களில், முதலிலேயே ஸ்டென்ட் அல்லது பைபாஸுக்குப் போனவர்களுக்கும், மருந்தோடு தொடங்கியவர்களுக்கும் மரணத்திலோ மாரடைப்பிலோ மொத்தத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நெஞ்சுவலி அதிகம் இருந்தவர்களுக்கு ஸ்டென்ட் நல்ல நிவாரணம் தந்தது. இது மாரடைப்பு வந்துகொண்டிருக்கும் அவசர நிலைக்குப் பொருந்தாது. அங்கே அடைப்பை உடனே திறப்பதுதான் உயிரைக் காக்கும்.

சி.டி.யின் பழைய எதிரி சுண்ணாம்பு. படிவில் கால்சியம் கெட்டிப்பட்டிருந்தால் படத்தில் அது உண்மையான அளவைவிடப் பெரிதாகப் பளீரென்று பூத்து, பக்கத்தில் இருக்கும் வழியை மறைத்துவிடும். ஸ்டென்ட் கம்பிகளும் அப்படித்தான். 2021-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, எக்ஸ்ரே துகள்களான ஃபோட்டான்களை எண்ணும் சி.டி. இதைத்தான் குறிவைக்கிறது. பழைய மெஷின்களில் எக்ஸ்ரே முதலில் ஒளியாக மாறி, அந்த ஒளி மின்சாரமாக மாறும். புதியதில் காட்மியம் டெல்லுரைடு படிகம் எக்ஸ்ரேயை நேராகவே மின் துடிப்பாக்குகிறது. வந்து விழும் ஒவ்வொரு ஃபோட்டானையும், அதன் ஆற்றல் எவ்வளவு என்பதையும் தனித்தனியாக எண்ணுகிறது. 0.2 மில்லிமீட்டர் நுணுக்கத்தில் பார்க்க முடிவதால் ஸ்டென்டின் உள்ளே வழி திறந்திருக்கிறதா என்று சொல்வது எளிதாகியிருக்கிறது. இந்தத் தலைமுறை மெஷின்களில் எனக்கு உண்மையான பாய்ச்சலாகத் தெரிவது இதுதான்.

கதிர்வீச்சு பற்றிய கவலை நியாயமானது. இயற்கையிலிருந்தே நம் ஒவ்வொருவருக்கும் ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லி சீவர்ட் கிடைக்கிறது. 2007 வாக்கில் ஒரு கரோனரி சி.டி.க்கு 12 வரை ஆனது சாதாரணம். இதயம் ஓய்ந்திருக்கும் நொடியில் மட்டும் எக்ஸ்ரேயைப் போட்டு, மற்ற நேரம் அணைத்துவைக்கும் முறை வந்தபிறகு, நல்ல மெஷினில், நாடி சீராக இருப்பவருக்கு ஒன்றிரண்டு மில்லி சீவர்ட்டிலேயே முடித்துவிட முடிகிறது. எக்கோவிலும் எம்.ஆர்.ஐ.யிலும் இந்தக் கதிர்வீச்சே கிடையாது.

எம்.ஆர்.ஐ. இந்த வரிசையில் மெதுவானது. இதயத்துக்கு அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், சத்தம் பலமாக இருக்கும், மூச்சைத் திரும்பத் திரும்பப் பிடிக்க வேண்டும். ஒரே துடிப்பில் தெளிவான படத்தை முடிக்க அதனால் பொதுவாக முடிவதில்லை. பல துடிப்புகளின் அதே கட்டத்திலிருந்து துண்டு துண்டாகத் தகவல் எடுத்துத் தைக்கிறது. நாடி தாறுமாறாக இருந்தால் தையல் பிசகிப் படம் கலங்கும். இவ்வளவு பாடுபட்டு எதற்கு? தசையின் குணத்தை இதுபோல் வேறெதுவும் காட்டாது, அதற்காக.

காடோலினியம் என்ற மருந்தை நரம்பில் செலுத்திப் பத்து நிமிடம் கழித்துப் படமெடுத்தால், உயிருள்ள தசை கறுப்பாகவும் செத்துத் தழும்பான தசை வெள்ளையாகவும் தெரியும். அந்த வெள்ளை எங்கே இருக்கிறது என்பதிலேயே பாதி நோயறிதல் அடங்கியிருக்கிறது. கரோனரி குழாய்கள் வெளிப்பரப்பில் ஓடுவதால், ரத்தம் நின்றால் முதலில் பட்டினி கிடப்பது தசையின் உள் அடுக்கு. ஆக, உள்ளிருந்து வெளியே பரவிய வெள்ளை என்றால் மாரடைப்பின் தழும்பு. உள் அடுக்கு கறுப்பாகவே இருந்து, நடுவிலோ வெளி அடுக்கிலோ மட்டும் வெள்ளை என்றால் தசை அழற்சி போன்ற வேறு காரணம். தழும்பு சுவரின் தடிமனில் பாதிக்கும் குறைவாக இருந்தால், அடைப்பை நீக்கியபின் அந்தத் தசை மறுபடி வேலை செய்யும் வாய்ப்பு நன்றாகவே உண்டு. சுவர் முழுக்க வெள்ளையாக இருந்தால் அந்த வாய்ப்பு மிகக் குறைவு.

தலசீமியா என்ற பரம்பரை ரத்த நோய் உள்ள குழந்தைகளுக்கு இந்த மெஷின் செய்தது இன்னும் பெரிது. தொடர்ந்து ரத்தம் ஏற்றிக்கொள்வதால் அவர்கள் இதயத்தில் இரும்பு சேரும். ரத்தப் பரிசோதனையை மட்டும் வைத்து இதயத்தில் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று சொல்ல முடியாது. அதனால் இளம் வயதிலேயே இதயம் செயலிழந்து பலர் இறந்தார்கள். இரும்பு இருந்தால் எம்.ஆர்.ஐ. சமிக்ஞை சீக்கிரம் மங்கிவிடும். டி2 ஸ்டார் எனப்படும் அந்த மங்கும் நேரம் 20 மில்லி விநாடிக்குக் கீழே இருந்தால் இதயத்தில் இரும்பு சேர்ந்திருக்கிறது, 10-க்குக் கீழே போனால் ஆபத்து அதிகம். 2001-இல் இந்த முறை வெளியானபிறகு, இரும்பை வெளியேற்றும் மருந்தை யாருக்கு உடனே கூட்ட வேண்டும் என்பது இதயம் பழுதாகும் முன்பே தெரியத் தொடங்கியது.

இவ்வளவையும் தாண்டி ஒரு குழு விடுபட்டுப் போகிறது. நடந்தால் நெஞ்சு இறுகும், ஆஞ்சியோ எடுத்தால் குழாய்கள் சுத்தமாக இருக்கும். "ஒண்ணுமில்லை, டென்ஷன்தான்" என்று வீட்டுக்கு அனுப்பப்படுபவர்கள். இவர்களில் பெண்கள் அதிகம். ஆஞ்சியோவும் சி.டி.யும் காட்டுவது இதயத்தின் பெரிய சாலைகளை மட்டும். அவற்றிலிருந்து பிரிந்து தசைக்குள் இறங்கும், அரை மில்லிமீட்டருக்கும் மெலிந்த நுண்குழாய்கள் எந்தப் படத்திலும் தெரிவதில்லை. தசைக்கு எவ்வளவு ரத்தம் போக வேண்டும் என்று கூட்டிக் குறைப்பதோ பெரும்பாலும் அந்த நுண்குழாய்கள்தான்.

குழாயைப் பார்க்க முடியாவிட்டால் என்ன, அது கொண்டுசேர்க்கும் ரத்தத்தை அளக்கலாமே என்பதுதான் பெட் (PET) ஸ்கேனின் வழி. ருபிடியம்-82 என்ற கதிரியக்கப் பொருளை நரம்பில் செலுத்துகிறார்கள். அதன் அரை ஆயுள் 75 விநாடிதான் என்பதால் எங்கிருந்தோ வாங்கிக்கொண்டு வர முடியாது. நோயாளியின் பக்கத்திலேயே அதை உண்டாக்கித் தரும் ஜெனரேட்டர் என்ற கருவியை வைத்து, வடிக்க வடிக்கச் செலுத்த வேண்டும். ஓய்வில் ஒரு முறை, குழாய்களை விரிக்கும் மருந்து கொடுத்து ஒரு முறை. ஒரு கிராம் தசைக்கு நிமிடத்துக்கு எத்தனை மில்லிலிட்டர் ரத்தம் வருகிறது என்பது எண்ணாகவே கிடைக்கும். ஆரோக்கியமான இதயத்தில் மருந்துக்குப் பிறகு அது இரண்டரை, மூன்று மடங்கு அல்லது அதற்கு மேலும் உயரும். பெரிய குழாய்கள் சுத்தமாக இருந்தும் இரண்டு மடங்குகூட உயரவில்லை என்றால் நுண்குழாய்கள் விரிய மறுக்கின்றன என்று அர்த்தம். பல வருடம் "ஒண்ணுமில்லை" என்று மட்டுமே கேட்டு வந்தவருக்கு, அவருடைய வலிக்கு ஒரு காரணமும், அதற்கேற்ற மருந்தைத் தொடங்க ஒரு வழியும் அந்த எண்ணில் கிடைக்கிறது.